தவசுப்பிள்ளை பார்த்த யானை

சன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க அண்ணாச்சி. எனக்குக் காற்றுப் பட்டால் போதும். திருச்செந்தூர் போய்ச் சேர இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கிறது. அந்தப் பையைக் காலுக்கு அடியில் தள்ளிவிடுங்க. கனமாகத்தான் இருக்கும், உள்ளே கரண்டியும் தேங்காய்த் துருவியும் கிடக்கிறது. துருவி மட்டும் அடுத்தவருடையதை நான் தொடுவதில்லை. ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவேன்.

என்ன, தொப்பியைப் பார்க்கிறீர்களா? சிங்கந்தான். கீழே என்னமோ இங்கிலீஷில் எழுதியிருக்கிறது, வாசிக்கத் தெரியாது. டிராவல்ஸில் எல்லாருக்கும் கொடுத்தார்கள். எல்லாருக்கும் கொடுத்து ஒன்று மிஞ்சியது, அது எனக்கு. ஆப்பிரிக்கா போனபோது.

நம்ப மாட்டீர்கள். யாரும் நம்புவதில்லை. கிராப்பும் இல்லாமல் பேண்டும் இல்லாமல் ஆப்பிரிக்காவா என்பார்கள். நம்ம ஊர் ஆட்கள் டூர் போனால் சமையல்காரனையும் கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள், அது தெரியுமா? காசியானாலும் சரி, காஷ்மீரானாலும் சரி. நோட்டீஸில் முதல் வரியே தென்னிந்தியச் சாப்பாடு என்றுதான் அடிப்பார்கள், அதற்குக் கீழேதான் ஊர்ப் பேர் வரும். அந்தச் சமையல்காரன் நான். எங்கள் பக்கத்துப் பழைய பேர் தவசுப்பிள்ளை. அப்பா வைத்த பேர் ஆவுடையப்பன். டூரில் மாஸ்டர் என்பார்கள். மாஸ்டர், காப்பி. மாஸ்டர், இன்னும் கொஞ்சம் ரசம். மாஸ்டர், வெந்நீர். அந்த அளவுக்குப் பிரியம்.

ஊரெல்லாம் பார்த்திருக்கிறேன். காசி பார்த்திருக்கிறேன், அங்கே சத்திரத்துக் கொல்லையில் குழாய்த் தண்ணீர் நூலாகத்தான் வரும். காஷ்மீர் பார்த்திருக்கிறேன், பருப்பு வேகாது. சிங்கப்பூரில் மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளித்தால் சுவரில் மணி அடிக்கும், இரண்டு பேர் ஓடி வருவார்கள். மற்றதெல்லாம் அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடும்போது பேசிக்கொள்வார்கள். நான் பரிமாறிக்கொண்டே கேட்பேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, ஆனால் காது நல்ல காது. கேட்டதே பார்த்த மாதிரிதான்.

ஆப்பிரிக்காவில் தான்சானியா என்று ஒரு தேசம். அங்கே ரூபிஜி என்று ஒரு ஆறு. நம்ம தாமிரபரணியைப் பத்தாகப் படுக்கவைத்தால் அந்த அகலம் வரும். ஆற்றங்கரையில் கூடாரம் அடித்திருந்தார்கள். கூடாரம் என்றால் கட்டில், கொசுவலை, குளியலறை எல்லாம் உள்ள கூடாரம். எனக்கு அடுப்படிக்குப் பக்கத்தில் சாமான் அறையில் இடம். அதுதான் எனக்கும் வசதி.

விடியுமுன்னே ஜீப் கிளம்பிவிடும். சிங்கம் பார்க்க, ஒட்டகச்சிவிங்கி பார்க்க. அதற்குள்ளே நான் சுக்குக் காப்பி போட்டுப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்துவிட வேண்டும். பத்து மணிக்கு வந்து இறங்குவார்கள், இட்லி. அப்புறம் படுப்பார்கள், நான் மத்தியானத்துக்கு அரிவேன். சாயங்காலம் திரும்பவும் ஜீப். நான் பார்த்த விலங்கு குரங்குதான். அதுவும் என்ன குரங்கு என்கிறீர்கள், ஒரு நாள் அப்பளக் கட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறி, பச்சை அப்பளத்தை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக் கீழே போட்டது. பொரித்துக் கொடுக்க வேண்டுமாம் அதுக்கு!

குணசீலி டீச்சர் என்று ஒரு அம்மா. நாசரேத்துப் பக்கம், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு வாங்கினவர்கள். அவர்கள்தான் ஒரு நாள் கேட்டார்கள்.

“மாஸ்டர், நீங்க சிங்கம் பாத்தீங்களா?”

“கேட்டேம்மா” என்றேன்.

“கேட்டீங்களா?”

“காலி அண்டாவைச் சிமெண்டுத் தரையில இழுத்தா ஒரு சத்தம் வரும்லா, அதுதான் சிங்கம். கழுதைப்புலி கேள்வி கேக்கிற மாதிரி முடிக்கும். ஆத்துக்குள்ள நீர்யானை கிடக்கு பாருங்க, அது பந்தியில நாலு பெரிய மனுசங்க வயிறு நெறஞ்சு உக்காந்து சிரிச்சா எப்படி இருக்கும், அதே சத்தம்.”

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அந்த அம்மாவுக்கு நல்ல மனசு, மேனேஜரைக் கூப்பிட்டு, “தினகரன், நாளைக்குப் படகுல மாஸ்டரையும் கூட்டிட்டுப் போவோம். மத்தியானச் சாப்பாடு ஆத்துக்குள்ளதான, சுடச்சுடப் பரிமாற ஆளு வேணும்லா” என்றார்கள். பரிமாற ஆள் வேண்டும் என்று அவர்கள் சொன்னது தினகரனுக்காகச் சொன்னது. எனக்காகத்தான் கேட்டார்கள். அது எனக்குத் தெரியாதா?

தினகரனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டைப் பையன், முப்பது வயசு இருக்கும், ரொம்பக் கெட்டி. அத்தனை வயசான ஆட்களைத் தேசம் விட்டுத் தேசம் கூட்டிக்கொண்டு போய் ஒருத்தர்கூடத் தொலையாமல் கொண்டுவந்து சேர்க்கிறவன். அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். தலையை எண்ணுவதில்லை. “தலைய எண்ணுனா பாதி பேர் கக்கூஸுல இருப்பாக, மீதி பேர் போட்டோ எடுக்கப் போயிருப்பாக, மாஸ்டர். பொட்டலம் நடக்காது பாத்தீரா?” என்பான். வெளியே போகிற நாளில் ஆளுக்கு ஒரு பொட்டலம். தின்றதும் எச்சில் பொட்டலத்தை அவனிடமே கொடுத்துவிட வேண்டும், காட்டில் குப்பை போடக் கூடாது அங்கே. கொடுத்த பொட்டலமும் வாங்கின பொட்டலமும் சரியாக இருந்தால் வண்டி கிளம்பலாம். எப்பேர்ப்பட்ட மூளை!

இப்போ சொல்கிறேன், அன்றைக்கும் அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவனைக் குற்றம் சொல்லாதீங்க.

நான்தான் எனக்குப் பொட்டலம் கட்டுவதில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான். எல்லாரும் கை கழுவினதுக்கு அப்புறம் சருவப் பானையின் அடியில் கிடக்கிறதைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வோம். முன்கூட்டியே தனக்கென்று எடுத்து வைக்கிற தவசுப்பிள்ளைக்குக் கை குறுகிப்போகும் என்பார் எங்கப்பா. அவரும் கல்யாண வீடு கல்யாண வீடாகச் சமைத்தவர்தான். அவர் இலை போட்டு உட்கார்ந்து நான் கண்டதே இல்லை.

சரி, படகுக்கு வருவோம். இரண்டு படகு. தகரக் கூரை போட்டது, பின்னால் எஞ்சின். முன் பெஞ்செல்லாம் நிறைந்துவிட்டது. நான் எலுமிச்சம் சோற்றுப் பொட்டலங்களையும் தயிர்சாதச் சருவத்தையும் மடியோடு அணைத்துக்கொண்டு, எஞ்சின்காரன் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். அவன் பேர் செலமானி. நம்ம காயல்பட்டினத்து சுலைமான் என்கிற பேர்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. என்னைவிட நாலைந்து வயசு சின்னவனாக இருப்பான், தாடி அங்கங்கே நரை. அவனுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. என்னை முஸே என்பான். பெரியவர் என்று அர்த்தம் என்று டீச்சர் சொன்னார்கள். முன்னால் இருக்கிறவர்களுக்கு வழிகாட்டி ஒருத்தர் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு இவன் மோவாயால் சொல்லிக்கொண்டு வந்தான்.

மோவாயை இப்படித் தூக்குவான். பார்த்தால் அங்கே ஒரு முதலை, வாயைத் திறந்தபடி மணலில் கிடக்கும். இந்தப் பக்கம் தூக்குவான், ஒரு கொக்கு, ஆள் உயரம். அப்புறம் தண்ணீருக்குள்ளே உருளை உருளையாகக் கல்லு. கல்லு என்று பார்த்தால் கல்லுக்குக் காது ஆடுகிறது. “கிபோக்கோ” என்றான் அவன். நீர்யானை! இத்தனை நாளும் அடுப்படியில் நின்று கேட்டேனே, அந்தச் சிரிப்புக்காரர்கள். பொல்லாததாம். படகைக் கவிழ்த்துவிடுமாம். அவன் எஞ்சினைத் தணித்து, சத்தமில்லாமல் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனான். நான் சருவத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கவிழ்ந்தால் தயிர்சாதம் போய்விடுமே.

அதுக்கு அப்புறம்தான் அண்ணாச்சி, அந்த மரத்தைப் பார்த்தேன். பனை!

சத்தியமாகப் பனை. கொஞ்சம் நடுவயிறு பருத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதே மட்டை, அதே கருக்கு, அதே சலசலப்பு. ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டு, அதில் கூட்டமாக நிற்கிறது. நான் உடன்குடிப் பக்கம் பிறந்தவன், எனக்கா தெரியாது. “பனை! பனை!” என்று எழுந்து நின்று கத்திவிட்டேன். முன்னால் எல்லாரும் சிங்கமோ என்று திரும்பினார்கள். தினகரன், “மாஸ்டர், உக்காருங்க, படகு ஆடுது. இதப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தோம்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செலமானி சிரிக்கவில்லை. மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

அந்தத் திட்டில்தான் சாப்பாடு. கரையோரம் மணல், உள்ளே போகப் போகப் புல்லும் பனையும். முதலை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் இறக்கினார்கள். ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். எலுமிச்சம் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், எள்ளுத் துவையல், அப்புறம் தயிர்சாதம், மோர் மிளகாய். டீச்சர், “மாஸ்டர், ஆப்பிரிக்கா ஆத்துல தயிர்சாதம் போட்ட ஒரே ஆள் நீங்கதான்” என்றார்கள். தினகரன் பொட்டலம் வாங்கி எண்ணிப் பையில் போட்டான்.

எல்லாரும் கை கழுவியாச்சு. நான் சருவத்தைச் சுரண்டினேன். ஒரு கை தயிர்சாதம் இருந்தது. செலமானி படகு விளிம்பில் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டிலிருந்து என்ன கொண்டுவந்தானோ, கொண்டுவரவில்லையோ. ஒரு மனுஷன் பார்க்கப் பார்க்க நாம் எப்படித் தின்ன? மூடியில் போட்டு நீட்டினேன். என்னைக் காட்டி, வயிற்றைக் காட்டி, நீ என்று கேட்டான். ஆச்சு ஆச்சு என்று கையை ஆட்டினேன். தின்றான். மோர் மிளகாயைக் கடித்துவிட்டு அவன் முழித்த முழி இருக்கிறதே! அப்புறம் அவனே சருவத்தை மணல் போட்டு விளக்கிப் படகில் ஏற்றி வைத்தான்.

அந்த நேரம் காற்று திரும்பிற்று. பனம்பழ வாசம். கனிந்து விழுந்து கிடக்கிற வாசம். அந்த வாசம் ஒன்று போதும், ஒரு ஊர்க் கூட்டத்தையே இழுத்துக்கொண்டு வந்துவிடும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, நாலைந்து பழத்தைப் பொறுக்கிக்கொண்டு போய், ராத்திரி தணலில் சுட்டு நம்ம ஆட்களுக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று. ஆப்பிரிக்காவில் பனம்பழம்! டீச்சர் துள்ளிக் குதிப்பார்களே. அப்படி நினைத்துக்கொண்டுதான் உள்ளே நடந்தேன். சொல்லிவிட்டுத்தான் போனேன், “இந்தா வந்துடுதேன்” என்று. யாரிடம் சொன்னேன் என்றால், பொதுவாகச் சொன்னேன்.

பழம் ஏகப்பட்டது. துண்டை விரித்துப் பொறுக்கினேன். நல்ல பழமாக, நசுங்காததாக. கொஞ்சம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிவிட்டேன் போல.

எஞ்சின் சத்தம் கேட்டது. சூடு பண்ணுகிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு எஞ்சின். அந்தச் சத்தம் நின்ற இடத்தில் நிற்கவில்லை, நகர்ந்தது. எனக்குத்தான் காது நல்ல காதாச்சே. துண்டை இழுத்துக்கொண்டு ஓடினேன். மணலுக்கு வந்தால், ஜமுக்காளம் விரித்த தடம் இருக்கிறது, ஆள் இல்லை. இரண்டு படகும் வளைவில் போய்க்கொண்டிருந்தது. பழத்தைக் கொட்டிவிட்டுத் துண்டை ஆட்டினேன். டீச்சர் தொப்பி சிவப்புத் தொப்பி, அது தெரிந்தது. அவர்கள் கையை ஆட்டினார்கள்! நானும் ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள். படகு வளைவு திரும்பிவிட்டது.

விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொல்லாதீங்க. அது தப்பு. முதல் படகில் இருந்தவர்கள் நான் இரண்டாவதில் வருகிறேன் என்று நினைத்தார்கள். இரண்டாவதில் இருந்தவர்கள், சருவம் முதல் படகில் போகிறது, சருவம் இருக்கிற இடத்தில்தானே மாஸ்டர் இருப்பார் என்று நினைத்தார்கள். நியாயம்தானே? செலமானி மட்டும் பனங்காட்டைக் காட்டி என்னமோ சொன்னானாம். தினகரன் பின் படகைக் காட்டி, வருவார் வருவார், நீ எடு என்றானாம். பொட்டலம் சரியாக இருக்கிறதே, அவன் எப்படிச் சந்தேகப்படுவான்?

முதலில் பயமே இல்லை எனக்கு. இந்தா திரும்பிவிடுவார்கள் என்று மணலில் நின்றேன். வெயில் சுட்டது. தாகம். தண்ணீர் பக்கத்தில்தான், ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு கட்டை மிதந்தது, அது நாங்கள் வந்தபோது அங்கே இல்லாத கட்டை. அதுக்குக் கண் இருக்கிறதா என்று பார்க்க நான் போகவில்லை. பின்வாங்கிப் பனையின் அடிமூட்டுக்குப் போய் நின்றேன். மரமும் ஏற முடியாது, நடுவயிறு பருத்த மரம், கை கட்டாது. அப்போதான் பயம் பிடித்தது. இந்த மணலில் என்னை ஒன்று இழுத்துக்கொண்டு போனால், நாளைக்குக் காலையில் இட்லிக்கு யார் மாவு கலப்பார்கள்? அதுதான் முதலில் வந்தது. சிரிக்காதீங்க.

கத்தலாம் என்று பார்த்தேன். வாயைத் திறந்தால் என்ன சொல்லிக் கத்த? யார் பேரைச் சொல்லிக் கூப்பிட? தினகரா என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை, மேனேஜர் அவன். டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா? வீட்டில் என்றால், வீட்டில் யார் இருக்கிறார்கள், நானும் பூட்டும்தான். அவள் போய் ஆறு வருஷம். மகன் பெங்களூரில், அவன் பேரைச் சொல்லி இங்கே கத்தினால் என்னத்துக்கு ஆகும். வாயைத் திறந்தபடியே நின்றேன் அண்ணாச்சி. கடைசியில் எது வாயில் வந்தது தெரியுமா?

“சாப்பிட வாங்க!”

முப்பது நாற்பது வருஷமாகக் கூப்பிட்ட கூப்பாடு அதுதானே. அதைச் சொன்னால் யாரும் வராமல் இருந்ததில்லை. கூடாரத்துக்குள்ளே தூங்குகிறவன்கூட எழுந்து வந்துவிடுவான். கையை வாய்க்குக் குவித்து நல்ல சத்தமாக, “சாப்பிட வாங்க! எல்லாரும் சாப்பிட வாங்க!” என்று கூப்பிட்டேன். ஆற்றுக்கு அந்தக் கரையில் போய் மோதித் திரும்பி வந்தது. நீர்யானை எல்லாம் தலையைத் தூக்கி அந்தச் சிரிப்பைச் சிரித்தது.

ஆனால் ஒருத்தர் வந்தார்.

பின்னால் ஈரத்துணி பிழிகிற மாதிரி சத்தம். திரும்பினால் திட்டின் அந்தப் பக்கம் ஆற்றிலிருந்து யானை ஏறி வருகிறது. நம்ம கோயில் யானையை நினைக்காதீங்க. அதன் காது, நம்ம வீட்டு வாசல் கதவு இரண்டு சேர்த்தால் ஒரு காது. ஒரு கொம்பு பாதியில் ஒடிந்தது. வயசானது, நெற்றியெல்லாம் குழி. தனியாக வந்தது. இத்தனை பெரிய உடம்பு, கரையேறின பிறகு ஒரு சருகு நொறுங்கின சத்தம் இல்லை. நான் பனையோடு பனையாக ஒட்டிக்கொண்டேன். மூச்சை மட்டும் விட்டேன், அதுவும் பாதி.

மணலுக்குப் போயிற்று. நான் கொட்டின பழம் குவியலாகக் கிடக்கிறது அங்கே. தும்பிக்கையால் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்து வாயில் போட்டது. இன்னொன்று. அவசரமே இல்லை. நான் பொறுக்கினதெல்லாம் முதல் தரமான பழம், அதுக்கும் தெரிந்திருக்கிறது. தின்றுகொண்டே தும்பிக்கையை நான் நின்ற பக்கம் நீட்டிக் காற்றை உறிஞ்சியது. நான் இருக்கிறேன் என்று அதுக்குத் தெரியும். ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டால், எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே. பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, எனக்குப் பரிமாறுகிற புத்தி வந்துவிட்டது. என் காலடியில் ஒரு பழம் கிடந்தது. காலால் மெள்ள உருட்டி விட்டேன். ஒரு எட்டு எடுத்து வைத்து வந்து அதையும் எடுத்துக்கொண்டது.

பாவமாக இருந்தது அண்ணாச்சி அதைப் பார்க்க. யானை என்றால் கூட்டமாக இருக்க வேண்டாமா? வயசான காலத்தில் இப்படித் தனியாக ஆற்றைக் கடந்து வந்து, கிடைத்ததைத் தின்றுவிட்டுப் போகிறது. கூப்பிட ஒரு ஆள் இல்லை, எங்கே போனாய் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அப்படி ஒரு பிழைப்பு யாருக்கும் வரக் கூடாது.

வெயில் சாய்ந்து பனை நிழல் எல்லாம் தண்ணீருக்குள்ளே நீண்டுவிட்டது. அப்போதான் எஞ்சின் சத்தம். ஒற்றை எஞ்சின், மெதுவாக. பாதி வழியிலேயே நின்றுவிட்டது. யானையைப் பார்த்திருக்கிறான், எஞ்சினை அணைத்துவிட்டுக் கழியால் தள்ளிக்கொண்டு வருகிறான். செலமானி. ஒற்றை ஆள். யானை அவனைப் பார்த்தது, அவன் அதைப் பார்த்தான். கழியைப் படகில் இரண்டு தட்டுத் தட்டி என்னமோ சொன்னான், நம்ம வீட்டுக்கு வந்த மாமனாரிடம் சொல்கிற மாதிரி மரியாதையாக. அது திரும்பி வந்த வழியே ஆற்றில் இறங்கிப் போயிற்று. கடைசியில் தும்பிக்கை மட்டும் தெரிந்தது.

நடந்தது என்னவென்றால், நம்ம ஆட்கள் கரைக்குப் போனதும் களைப்பில் எல்லாரும் படுத்துவிட்டார்கள். செலமானி சருவத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனானாம், அங்கே ஆள் இல்லை. சாமான் அறையைப் பார்த்தானாம். அப்புறம் தினகரன் கூடாரத்து வாசலில் போய் நின்று, முஸே முஸே என்றானாம். டிப்ஸ் கேட்கிறான் என்று நினைத்துத் தினகரன், நாளைக்கு நாளைக்கு என்று கை காட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். பிறகு செலமானியே சின்னப் படகை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அவன் கொஞ்சம் பொறுத்திருந்தால் நம்ம ஆட்களே அனுப்பியிருப்பார்கள். விடுவார்களா? காப்பி நேரம் வேறு.

நான் ஓடிப்போய்ப் படகில் ஏறினால், அவன் எடுக்க மாட்டேன் என்கிறான். என்னை உட்கார் என்கிறான். ஒரு அலுமினியத் தூக்கைத் திறந்து என் மடியில் வைத்தான். வெள்ளைச் சோள மாவில் களி, மேலே பயறு. ஒரு வாழைப்பழம். “குலா, முஸே, குலா” என்று வாயைக் காட்டினான். சாப்பிடு என்கிறான்.

“வேண்டாம்ப்பா, அங்க காப்பிக்கு நேரமாச்சு, எல்லாரும் எந்திச்சிருப்பாக, எடு வண்டிய” என்றேன். அவன் அசையவில்லை. கழியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் அவன் முன்னால் சருவத்தைச் சுரண்டினேனே, அந்தக் கடைசிக் கையை அவனுக்குத்தானே கொடுத்தேன். அதை மனசில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். சரி என்று ஒரு வாய் வைத்தேன். களியில் உப்பே இல்லை. பயறு இன்னும் ஒரு கொதி கொதித்திருக்க வேண்டும். சொல்லலாம் என்றால் பாஷை இல்லை. தின்றேன். முழுசும் தின்றேன். வழித்தும் தின்றேன். அவன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், விக்கினால் கொடுக்க. அவ்வளவு நேரம் நான் உட்கார்ந்து, ஒருத்தர் எனக்குப் பக்கத்தில் இருந்து...

ஒன்றுமில்லை, கண்ணில் தூசி. சன்னலைக் கொஞ்சம் இறக்குங்க.

என்ன சொன்னேன்? ஆமா, ஆள் நல்லவன்தான், பொறுப்புத்தான் பத்தாது. அவன் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டதில் காப்பிக்கு நல்ல நேரமாகிவிட்டது. கரையில் போய் இறங்கினால் தினகரன் எதிரே ஓடி வருகிறான். “மாஸ்டர், எங்க போயிட்டீங்க? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக!” பார்த்தீர்களா, எல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அடுப்பைப் பற்றவைத்து, காப்பி போட்டு, இரண்டு பேருக்குச் சீனி இல்லாமல், ஒருத்தருக்குப் பால் இல்லாமல், எல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் சொன்னேன், திட்டிலேயே நின்றுவிட்டேன் என்று.

“ஐயோ, நீங்க அந்தப் படகுல வரலியா?” என்று டீச்சர் நெஞ்சில் கை வைத்தார்கள். உடனே கைப்பேசியை எடுத்து வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். கிளம்பும்போது திட்டுக்கு டாட்டா காட்டி எடுத்த வீடியோ. மணலில் வெள்ளையாக ஒரு புள்ளி. “இது கொக்குன்னுல்லா நெனச்சேன்!” என்றார்கள். எல்லாரும் சேர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தப் பயணத்தில் நான் இருக்கிற படம் அது ஒன்றுதான். டீச்சர் ஊருக்கு அனுப்புகிறேன் என்றார்கள், நம்பர் கேட்க மறந்துவிட்டார்கள்.

யானை வந்ததைச் சொன்னேன். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். ஜீப்பில் போனபோதெல்லாம் யானை தூரத்தில், புழுதிக்குள்ளேதான் தெரிந்ததாம். “மாஸ்டருக்கு வெயிலு தலைக்கேறிட்டு” என்று தினகரன் சொல்ல, ஒரு சிரிப்பு. “போட்டோ எங்க மாஸ்டர்?” என்று இன்னொரு சிரிப்பு. சரி, விளையாட்டுக்குச் சொல்கிறார்கள், நானும் வற்புறுத்தவில்லை. யானை வந்தது எனக்குத் தெரியும், செலமானிக்குத் தெரியும். உலகத்தில் இன்னொருத்தருக்குத் தெரிய வேண்டும் என்று என்ன இருக்கிறது?

அவனைக் கூடாரக்காரர்கள் பிடித்துக் கண்டித்துவிட்டார்கள். பொழுது சாய்கிற நேரம் சொல்லாமல் படகு எடுக்கக் கூடாதாம், நீர்யானை கரையேறுகிற நேரமாம் அது. மறுநாளிலிருந்து எஞ்சின் பக்கம் விடவில்லை. கரையில் கயிறு பிடிக்க நிறுத்திவிட்டார்கள். நீங்கள் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? எந்தப் பாஷையில் சொல்ல? தினகரனிடம் சொன்னேன். “அவங்க விசயத்துல நாம தலையிடக் கூடாது மாஸ்டர்” என்றான். அதுவும் சரிதானே. அடுத்த நாள் அடை வேறு கேட்டிருந்தார்கள், அரைக்கிற வேலை கிடந்தது.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் ஜீப்பெல்லாம் வரிசையாக நிற்கிறது. எல்லாரும் ஏறியாச்சு. நான் கடைசி ஜீப்பில் பின்னால், சாமானோடு. செலமானி ஆற்றங்கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜீப் கிளம்பவும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து வந்தான். கையைத் தூக்கினான், தூக்கினபடியே நின்றான். எனக்கு இரண்டு கையிலும் சருவம். விட்டால் உருண்டுவிடும். தலையை ஆட்டினேன். நல்லா ஆட்டினேன். ஆனால் அது மேடு பள்ளமான பாதை அண்ணாச்சி, ஜீப்பே குலுங்கிக்கொண்டு போகிறது. நான்தான் தலையை ஆட்டினேன் என்று அவனுக்குத் தெரிந்ததோ, ஜீப் ஆட்டினது என்று நினைத்தானோ, என்னமோ.